இங்கே நிரப்பவும்

சிரிக்கத்தான் போகிறோம், எல்லோரும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதற்கு நான் பொறுப்பு, ஆனால் இப்போது இல்லை, இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் பாழ், கொஞ்சம் பொறுங்கள், முதலில் இந்த மழை ஓயட்டும், மாடி அறையின் தகரக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகப் பொரியைக் கொட்டுகிறார்கள், பக்கத்து நாற்காலியில் இன்னாசி அண்ணன் நகம் கடிக்கிறான், க்ட், தூ, க்ட், தூ, இந்தச் சத்தத்தைக்கூட நான் அச்சாகச் செய்வேன், போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் செய்தேன், அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார்கள், அவன் பாவம் தட்டில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். எனக்குப் பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது, அதனால் மற்றவர்கள் முகங்களைச் சேர்த்து வைக்கிற இடத்தில் நான் குரல்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். தலைமை ஆசிரியை சிஸ்டர் வரப்போகிறார்கள் என்று எவளும் சொல்ல வேண்டாம், வகுப்பு வாசலில் நின்று "வாட் இஸ் திஸ் நாய்ஸ், மை டியர் சில்ரன்" என்று நான் ஒரு முறை சொன்னால் போதும், நாற்பது பெஞ்சும் ஒரே நேரத்தில் கிறீச்சிடும். பஸ்ஸில் நிற்க இடமில்லாவிட்டால் கண்டக்டர் குரலில் "உள்ள போ உள்ள போ, படியில என்ன படம் ஓடுதா" என்பேன், கூட்டம் நகரும், நிஜக் கண்டக்டரும் சேர்ந்து நகர்ந்த நாள் ஒன்று உண்டு. அதையெல்லாம் விட நல்லது ஒன்று இன்று நடக்கப் போகிறதா என்றால், இல்லை, ஒரு குரலை மட்டும் எடுக்கவே மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், மாதா படத்தின் மேல் கை வைத்து, அவனே என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தான், அது மாதா படம்தானா காலண்டரா என்று எனக்கு என்ன தெரியும்.

மூன்று மணிக்கு மீட்டிங். மணி மூன்று ஆகிவிட்டது, திருமேனி சார் இன்னும் வரவில்லை. திருமேனி சார் என்றால் தேர்வுத் துறையின் துணை இயக்குநர், அண்ணன் கம்பெனி கட்டிக்கொண்டிருக்கிற இணையதளம் அவர் துறைக்குத்தான், என் மாதிரிப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும் என்று விண்ணப்பிக்கிற தளம், போன வருஷம் வரை காகிதத்தில் இருந்தது, இந்த வருஷம் காகிதமே கிடையாது, தளம் மட்டும்தான். இன்று அவர் சரி என்றால் திங்கட்கிழமை திறந்துவிடுவார்கள், திறந்துவிட்டால் கடைசித் தேதி முடியும் வரை உள்ளே ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாதாம், அதுதான் விதி. இன்று அவர் வேண்டாம் என்றால் அண்ணனுக்கு ஒரு வாரம் கிடைக்கும். ஒரு வாரத்தில் முடிச்சிடுவியா அண்ணா என்று கேட்டேன். "முடிச்சதைத்தானடி அழிச்சாங்க" என்றான். அதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வைத்தது அவன், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, இது கேக்குதா, இது கேக்குதா என்று, உன் பெயர், பள்ளியின் பெயர், தேர்வு எண், என் லேப்டாப்பில் திரையை வாசிக்கிற குரல் ஒவ்வொன்றையும் சொன்னபோது அவன் மேஜையில் தாளம் போட்டான், அடுத்த மாதமே எல்லாத் துறைக்கும் ஒரே மாதிரித் தலைப்பும் பார்டரும் வேண்டும் என்று மேலே இருந்து ஒரு பொது வடிவமைப்பு வந்து உட்கார்ந்தது, அவன் வைத்த பெயரெல்லாம் போச்சு. திரும்பப் போட நேரம் கேட்டான். கம்பெனி மேனேஜர் குமரகுரு, அவர் குரல் வாயில் எப்போதும் ஹால்ஸ் மிட்டாய் உருளுகிற குரல், "இன்னாசி, பாஸிட்டிவ்வா போவோம், அந்த செக்கர்ல பச்சை வருதா, அவ்ளோதான் நமக்கு" என்றார். செக்கர் என்பது தளம் பார்வையற்றவர்களுக்கு ஒத்துவருமா என்று மார்க் போடுகிற ஒரு கருவி. அதற்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை, கட்டத்துக்குப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், என்ன பெயர் என்று பார்க்காது. அது தெரிந்தவுடன் குமரகுரு சார் வேறொரு பையனை உட்கார வைத்து எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பெயரை ஒட்டச் சொல்லிவிட்டார், "இங்கே நிரப்பவும்", எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர், "படம்", கருவி பார்த்தது, நூற்றுக்கு நூறு, பச்சை, கம்பெனியில் கேக் வெட்டினார்கள், அண்ணன் தன் துண்டை எனக்குக் கொண்டுவந்தான், பைனாப்பிள், நல்லாவே இருந்தது, அதுதான் எனக்குக் கோபம்.

கேப்ட்சாவைக் கேட்டால் அது எங்க டீம் இல்லை. வளைத்து நெளித்து எழுத்துகளை ஒரு படத்துக்குள் போட்டு, இதைப் பார்த்து எழுது, அப்போதுதான் நீ மனுஷன் என்று நம்புவேன் என்கிற அந்தச் சங்கதி, பாதுகாப்பு டீம் வைத்தது, அவர்கள் வேறு கட்டடம், வேறு காண்ட்ராக்ட், அண்ணன் மெயில் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தான், கடைசியில் ஒரு பதில் வந்தது, அதை அவன் எனக்கு வாசித்துக் காட்டினான், நான் அதை ரேடியோ செய்திக் குரலில் திருப்பி வாசித்தேன், "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது", அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நகராமல் இருந்தால் வெளியே தள்ளிவிடுகிறதே அது? அது சர்வர் டீம். அறிவிப்பை எழுத்தாகப் போடாமல் ஸ்கேன் எடுத்துப் படமாகப் போட்டிருக்கிறார்களே? அது துறை அலுவலகம், அங்கே தட்டச்சு செய்கிற அம்மா பழைய எழுத்துருவில்தான் தட்டுவார்கள், அதை அப்படியே போட்டால் என் குரல் மந்திரவாதி மாதிரி உளறும், அதனால் ஸ்கேன். எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது, எல்லாக் காரணமும் நல்ல காரணம், எல்லாவற்றையும் அடுக்கினால் நடுவில் நான் நுழைய ஒரு சந்து இல்லை. அண்ணன் தூக்கத்தில்கூட "ஓகே சார், பாத்துடறேன் சார்" என்கிறான். எழுந்து போய் ஒரே ஒரு போன் செய்தால் தீர்ந்தது. அதுதான் என்னை நமைக்கிறது. திருமேனி சார் குரல் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமி ஒரு ம், பின்னால் ஓர் இல்லையா. "ம், குமரகுரு, ஒரு வாரம் தள்ளி வைங்க, இல்லையா." குளியலறையில் பழகினேன், வெளியே பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன் வாயில் நுரையோடு "சார்" என்று சொல்லிவிட்டான், அப்புறம் கதவை உதைத்தான், "லூசு, அந்தக் குரலை விடு, என்னை ஜெயில்ல வெக்கணுமா உனக்கு" என்றான், அன்றைக்குத்தான் மாதா படமோ காலண்டரோ. அந்தப் போனை நான் செய்யவில்லை. செய்யாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. தும்மலை அடக்குகிற மாதிரி, நாள் முழுக்க.

ஏன் இவ்வளவு ஆத்திரம், கம்ப்யூட்டர் மிஸ் போட்டுக் கொடுத்துவிடுவார்களே, பிரவுசிங் சென்டரில் போட்டுக் கொடுத்துவிடுவார்களே என்றால், ஜமீலா அக்காவுக்கும் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு வருஷம் மூத்தவள், அப்போது விடுதியில் என் கட்டிலுக்கு மேல் கட்டில், என்னைப் போலத்தான், வெளிச்சம் இருட்டுகூடத் தெரியாது. பிரவுசிங் சென்டர் அண்ணன் நல்லவர், டீ வாங்கிக் கொடுத்தார், அவசரத்தில் காகிதத்தில் ஏதோ ஒரு கட்டத்தை மாற்றி டிக் அடித்துவிட்டார், பார்வை கொஞ்சம் உண்டு என்கிற கட்டம், தேர்வன்றைக்கு அவளுக்கு எழுத ஆள் வரவில்லை, அதற்குப் பதிலாகப் பெரிய எழுத்தில் அச்சடித்த வினாத்தாள் வந்தது. பெரிய எழுத்தில். தடவிப் பார்த்தாளாம், தாள் வழக்கத்தைவிட அகலமாக இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவளே சிரித்தாள், நாங்களும் சிரித்தோம், கட்டில் ஆடியது, அப்புறம் விளக்கை அணைத்துவிட்டார்கள் என்று வார்டன் செருப்புச் சத்தத்தில் தெரிந்தது, அப்புறம் மேலே கட்டில் ஆடிக்கொண்டே இருந்தது, சிரிப்பு இல்லை அது. மூன்று மணி நேரம் அவள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறியில் பறக்காமல் கையை மேலே வைத்திருந்தாளாம். அதனால் எனக்கு யாரும் போட்டுத் தர வேண்டாம், என் பெயரை நான் தட்டுவேன், என் கட்டத்தை நான் தேர்ந்தெடுப்பேன், தப்பென்றாலும் அது என் தப்பாக இருக்கட்டும். வியாழக்கிழமை சோதனைத் தளத்தில் முயன்று பார்த்தேன். மத்தியானம் முழுக்க. இங்கே நிரப்பவும், இங்கே நிரப்பவும், இங்கே நிரப்பவும். எதை என்று தெரியாமல் என் பெயரைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்தேன், பள்ளிக்கூடத்தை அப்பாவாக்கினேன், எந்தக் கட்டம் எது என்று அண்ணன்தான் அப்புறம் பார்த்துச் சொன்னான். லேப்டாப்பை மூடியபோது பட்டென்று கேட்டது, அண்ணன் ஓடிவந்தான், உடைஞ்சுடுச்சா என்றான், இல்லை என்றேன், உன்னைக் கேட்டேன் என்றான்.

டொடங். வந்துவிட்டார்கள். அண்ணன் லேப்டாப்பில் மீட்டிங், என் லேப்டாப்பில் தளம், இரண்டும் ஒரே மேஜையில், என் திரை மீட்டிங்கில் எல்லோருக்கும் தெரிகிறது, என்னுடையதன் ஸ்பீக்கர் பேசினால் அவனுடையதன் மைக் பிடித்துக்கொள்ளும், அதுதான் ஏற்பாடு. போன முறை என் குரல், என்றால் என் லேப்டாப்பின் குரல், நான் கேட்கிற வேகத்தில் ஓடியது, பழகாதவர்களுக்கு அது மாவு மில் மாதிரிதான் கேட்கும், திருமேனி சார் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு "ம், நல்ல ஸ்பீடா இருக்கு, இல்லையா" என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டார். அதனால் இன்று மெதுவாகப் பேசுகிற வேறொரு தமிழ்க் குரலை அண்ணன் இறக்கிவைத்திருக்கிறான். அது காலையிலிருந்து இரண்டு வார்த்தை பேசினால் மூச்சுவிடாமல் உறைந்துவிடுகிறது. "இப்ப வருமாடி?" என்று கிசுகிசுக்கிறான். தட்டிப் பார்க்கிறேன். "படம்" என்கிறது. அவ்வளவுதான். செத்தது. "ஐயோ" என்கிறான், வியர்வை வாசனை, வேப்பெண்ணெய் சோப்பு, பயம். நான் பழைய வேகக் குரலுக்கு மாற்றி இயர்போனை இடது காதில் செருகுகிறேன், எனக்காவது கேட்கட்டும். குமரகுரு சார் மிட்டாய் உருள, "குட் ஆஃப்டர்நூன் சார், மழையெல்லாம் எப்படி சார், நம்ம பக்கம் எல்லாம் ரெடி சார், நூத்துக்கு நூறு சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா திங்கக்கிழமை திறந்திடலாம் சார், இன்னாசி, கேமரா ஏன் ஆஃப்?" அண்ணன், "நெட் ஸ்லோ சார், மழை சார்." மழைக்கு நன்றி. பிறகு தொண்டைச் செருமல். வந்தார்.

"ம், குமரகுரு, என் வீட்டம்மா நேத்து ஒரு கேள்வி கேட்டாங்க, நீங்க ஒரு தடவையாவது அதை நிரப்பிப் பாத்தீங்களான்னு. இல்லையா. அதனால இன்னைக்கு நானே கண்ணை மூடிக்கிறேன், நீங்க அந்த மிஷினைப் படிக்க விடுங்க, நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க. ஒரு விண்ணப்பம் போட்டுட்டா சரி, திறந்துடலாம்." குமரகுரு சாரின் மிட்டாய் உருளாமல் நின்றது. "எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்." "ம், மூடிட்டேன். படிக்கச் சொல்லுங்க." அண்ணன் அசையவில்லை. என் லேப்டாப் அசையவில்லை. மழை மட்டும். இந்த அமைதியை நான் அறிவேன், இது இன்னும் கொஞ்சம் நீண்டால் குமரகுரு சார் உள்ளே புகுந்து, டெக்னிக்கல் இஷ்யூ சார், ரிப்போர்ட் பச்சை சார், கையெழுத்து மட்டும் சார் என்பார், இவர் கண்ணைத் திறந்து சரி என்பார், திங்கட்கிழமை திறக்கும், எனக்குப் பெரிய எழுத்தில் ஒரு தாள் வரும். அண்ணன் வாயைத் திறக்கிறான், உதடு பிரிகிற சத்தம், "சார், சின்ன..." நான் அடுத்த கட்டத்துக்குத் தாவுகிற விசையைத் தட்டுகிறேன், இடது காதில் மாவு மில் ஓடுகிறது, அதைப் பிடித்து, மெதுவாக்கி, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், மூக்கும் இல்லாமல் நெஞ்சும் இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் ஒரே உயரத்தில் வெட்டிய செங்கல் மாதிரி அடுக்கி, "படம். படம். படம். இணைப்பு. படம்" என்று சொல்கிறேன். மேஜைக்கு அடியில் அண்ணன் கால் என் காலை உதைக்கிறது. மாதாவே, நான் துணை இயக்குநர் குரலில் பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், மிஷினைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

"ம், நல்லாப் பேசுதே. என்ன இத்தனை படம்?" "அது சார், கோபுரம் சார், அப்புறம் லோகோ சார், அப்புறம் அந்தக் குத்துவிளக்கு சார், நீங்கதான் வைக்கச் சொன்னீங்க." "ம், அடுத்து." தட்டுகிறேன். கேட்கிறேன். சொல்கிறேன். "இங்கே நிரப்பவும். காலி." "என்னத்தை?" மிஷின் பதில் சொல்லாது, மிஷினுக்குக் கேள்வி தெரியாது, நான் வாயை இறுக்கிக்கொள்கிறேன், சிரிப்பு விலாவுக்குள் பூனைக்குட்டி மாதிரி புரள்கிறது, இல்லை, இப்போது இல்லை. "பேரு சார்" என்கிறார் குமரகுரு. "நீங்க சொல்லாதீங்க, மிஷினு சொல்லட்டும். சரி, பேராத்தான் இருக்கும், ராமசாமின்னு போடுங்க. அடுத்து." "இங்கே நிரப்பவும். காலி." "இது அப்பா பேரு. கோவிந்தன். அடுத்து." "இங்கே நிரப்பவும். காலி." "இது என்னது? வயசா? பதினேழு." "இங்கே நிரப்பவும். காலி." "இன்னும் எத்தனைய்யா இருக்கு? ஊரு போடுங்க, துறையூர்." நான் ஒன்றும் மாற்றவில்லை, சத்தியமாக ஒன்றும் மாற்றவில்லை, அவர் சொன்னதைச் சொன்ன இடத்தில் தட்டுகிறேன், காதில் விழுந்ததை வாயில் விடுகிறேன், வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையாக நான் யாரையும் ஏமாற்றியதில்லை. ராமசாமி தேர்வு எண்ணாகிவிட்டார், கோவிந்தன் பிறந்த தேதி, எனக்கு அந்த ராமசாமியை நினைத்தால் அழுகை வருகிற மாதிரி இருக்கிறது, அவனுக்கும் பெரிய எழுத்தில் ஒரு தாள் வரும், பதினேழு என்கிற பள்ளியில், துறையூர் என்கிற வகுப்பில். கடைசியில் ஒரு "பொத்தான்." என்ன பொத்தான் என்று அது சொல்லவில்லை. "அமுக்குங்க." அமுக்கினேன். காதில் ஓடியது எனக்கே புதிது, வியாழக்கிழமை நான் இது வரைக்கும்கூட வந்திருக்கவில்லை. "சிவப்பில் காட்டப்பட்டவற்றைச் சரிசெய்யவும்" என்றேன்.

"ம்?" "சிவப்பில் காட்டப்பட்டவற்றைச் சரிசெய்யவும்." "எதுய்யா சிவப்பு?" மழை. அண்ணனின் கால் இப்போது உதைக்கவில்லை, அவன் நகமும் கடிக்கவில்லை, மூச்சு விடுகிறானா என்றுகூடத் தெரியவில்லை. "கண்ணைத் திறந்துக்குங்க சார், அங்கயே சிவப்பா இருக்கும் சார், பளிச்சுன்னு இருக்கும்." "திறக்க மாட்டேன்யா! நான் எம்.ஏ. படிச்சவன், இத்தனை வருஷம் சர்வீஸ்ல எத்தனை ஃபாரம் நிரப்பியிருக்கேன், இதை நிரப்பாம விட்டுடுவேனா? முதல் கட்டத்துக்குப் போங்க." போனேன். மேலே ஏறும்போது மறுபடி கோபுரம், மறுபடி லோகோ, மறுபடி குத்துவிளக்கு, படம், படம், படம், "அந்தக் குத்துவிளக்கைத் தூக்கிக் கடாசுங்கய்யா" என்கிறார், பூனைக்குட்டி நகத்தைப் பாய்ச்சுகிறது, நான் உள்ளங்கையைக் கிள்ளிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், ராமசாமியைக் கீழே இறக்கினார், துறையூரை மேலே ஏற்றினார், தேதி ஒன்று, எண் ஒன்று என்று வாய்க்கு வந்ததையும் போட்டார், இந்த முறை சிவப்பு வரவில்லை, குருட்டாம்போக்கில் எதுவோ பொருந்திவிட்டது, "பாத்தீங்களா!" என்று சின்னப் பையன் மாதிரி சத்தம் போட்டார், எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது, அதைச் சேர்த்து வைத்துக்கொண்டேன், அடுத்து என்றார், தட்டினேன், "படம். இங்கே நிரப்பவும்." கேப்ட்சா. வந்துவிட்டது. "என்ன படம்?" "படம்." "அதுல என்ன எழுதியிருக்கு?" "படம்." "சொல்லித் தொலையேன்!" எனக்கும் தெரியாது. இதுதான் வேடிக்கை, எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை, மிஷினுக்கும் தெரியாது, மிஷினாக நடிக்கிற எனக்கும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிற அவருக்கும் தெரியாது, தெரிந்த இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், நாங்கள் மூவரும் ஒரு சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறோம், அந்தப் பக்கம் யாரோ, நீ மனுஷன்தானா, நீ மனுஷன்தானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர் யோசித்தார். நாற்காலி முனகியது. யோசித்துக்கொண்டே இருந்தார். யோசிக்கக் கூடாது சார், நகராமல் இருந்தால் தள்ளிவிடும் சார் என்று எனக்கு நாக்கு வரை வந்தது, மிஷின் முந்திக்கொண்டது. "நேரம் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கவும்."

கத்துவார் என்று நினைத்தேன். குமரகுரு சாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், "சார், இது ரொம்ப ரேர் கேஸ் சார், நார்மலா பக்கத்துல யாராவது இருப்பாங்க சார், போட்டுக் கொடுத்துடுவாங்க" என்று மிட்டாயைக் கடித்து நொறுக்கிவிட்டார். போட்டுக் கொடுத்துடுவாங்க. ஜமீலா அக்காவின் கட்டில் என் தலைக்கு மேலே ஆடுகிறது. திருமேனி சார் கத்தவில்லை. அவர் குரல் இறங்கிவிட்டது, செருமல் இல்லை, ம் இல்லை, யாரையும் பார்த்துப் பேசாத குரல், வீட்டில் செருப்பைக் கழற்றும்போது மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற குரல், அது என் சேமிப்பில் இல்லாத குரல். "இதை எந்தப் பிள்ளையாலயாவது நிரப்ப முடியுமா?" என்றார். மிஷினைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. ஆனால் கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால், அதுவும் ஒரு பெரியவர் கேட்டால், பதில் சொல்லாமல் இருக்க என்னைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பழக்கவில்லை, எத்தனை குரலை மேலே போட்டு மூடினாலும் அடியில் அது கிடக்கிறது, அதே செங்கல் குரலில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், "முடியாது சார்" என்றது என் வாய்.

மழைகூட நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை, எனக்குக் காது அடைத்துவிட்டது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "ம்" என்றார் திருமேனி சார், மெதுவாக. "குமரகுரு. மிஷினு என்னை சாருன்னு கூப்பிடுமா?" "அது... புது வெர்ஷன் சார்." "அப்படியா. தமிழ்நாட்டு மிஷினு, இல்லையா. யாரும்மா அது?" அண்ணன், "சார், என் தங்கச்சி சார், தப்பு என்னோடது சார், குரல் ஹேங் ஆயிடுச்சு சார், நான்..." நான் இயர்போனைப் பிடுங்கி லேப்டாப்பை மூடினேன். என்னுடைய குரலைத் தேடினேன், எங்கே வைத்தேன் என்று ஒரு கணம் தெரியவில்லை, கிடைத்தபோது அது சின்னதாக, கீச்சென்று, இவ்வளவுதானா நீ என்கிற மாதிரி இருந்தது. "பிரிஸ்கா சார். ப்ளஸ் டூ. இதை நிரப்ப வேண்டியவ நான்தான் சார். காதுல மிஷின் ஓடிக்கிட்டுத்தான் சார் இருந்துச்சு, அது வேகமா சொன்னதை நான் மெதுவா சொன்னேன். படம், இங்கே நிரப்பவும், சிவப்பு, எல்லாமே அது சொன்னதுதான். கடைசியா சொன்னது மட்டும்தான் என்னோடது." அண்ணனின் வேலை போச்சு. ஒரு வாரமும் போச்சு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், இல்லை, சும்மா இருந்திருந்தாலும் போயிருக்கும், ஆனால் அப்போது அது கேப்ட்சா செய்தது, இப்போது நான் செய்தது, தப்பென்றாலும் என் தப்பாக இருக்கட்டும் என்றேனே, இந்தா வைத்துக்கொள். குமரகுரு சார் கனைத்தார். "சார், சின்னப் பொண்ணு, விளையாட்டுத்தனமா பண்ணிடுச்சு, நான் இன்னாசிகிட்ட பேசிக்கிறேன் சார். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. அப்ப நம்ம திங்கக்கிழமை திறக்கிறது சார்?"

ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. செத்துக் கிடந்த அந்த மெதுவான குரல்தான் உயிர் பெற்றுவிட்டதோ என்று நான் என் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தேன், அது மூடியிருந்தது. குரல் அண்ணன் லேப்டாப்பிலிருந்து வந்தது. செருமல் இல்லை, ம் இல்லை, இல்லையா இல்லை, சொல் சொல்லாக, செங்கல் செங்கலாக. "நேரம் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கவும்." சுமார்தான். முதல் பாதி பரவாயில்லை, தொடங்கவும் என்கிற இடத்தில் சுவர் சரிந்துவிட்டது, கடைசி எழுத்தை முடிப்பதற்குள் திருமேனி சாருக்குச் சிரிப்பு கசிந்துவிட்டது. "ஒரு வாரம்டி" என்று அண்ணன் என் மணிக்கட்டை விட்டான். இப்போது சிரிக்கலாம்.